கிருஷ்ணப்பன் நாய்க்கு நான் பழக்கிய நான்கு

நாய்க்கு முதலில் ‘உட்கார்’ பழக்க வேண்டும் சார். பலரும் ‘வா’வில் ஆரம்பித்துக் கெடுத்துவிடுவார்கள். ஒரு பொறை பிஸ்கட்டை அதன் மூக்குக்கு மேலே பிடித்து, மெதுவாகத் தலைக்குப் பின்னால் கொண்டுபோனால் பின்பக்கம் தானாகத் தரையில் படியும். அந்த நொடியில் சொல்லைச் சொல்லிப் பொறையைக் கொடுத்துவிட வேண்டும். அடிக்கக் கூடாது. நான் எந்த நாயையும் அடித்ததில்லை.

ஓசூரில் ஒரு கம்பெனியில் செக்யூரிட்டி வேலை எனக்கு. அங்கே காவல் நாய்களோடு இருந்து கற்றது இது. ஜவளகிரியில் என் வீட்டிலிருந்து மூன்றாவது வீடு கிருஷ்ணப்பனுடையது. காட்டோரம் அவருக்கு ராகிக் கொல்லை. போன கார்த்திகையில் அவரே தன் நாயைக் கூட்டிவந்தார்.

“ஏம்பா ஜெகதீசு, இது சொன்ன பேச்சே கேக்கறதில்ல. கொஞ்சம் பழக்கிக் குடுப்பா.”

கயிற்றை அவிழ்த்ததும் நாய் நேரே எங்கள் அடுப்படிப் பின்வாசலுக்குப் போய் வாலை ஆட்டிக்கொண்டு படுத்தது. என் மனைவி ரேவதி சிரித்தாள். நான் வீட்டில் இருக்கும்போது அது எங்கள் பக்கம் வந்ததே இல்லை. நான் ஷிப்டுக்குப் போன நேரத்தில் அவரோடு வந்து பழகாமல் அதற்குப் பின்வாசல் எப்படித் தெரியும்? அவ்வப்போது அவரைக்காய் கொண்டுவந்து தருகிறார் என்று அவளே சொல்லியிருக்கிறாள். அண்ணன் என்றுதான் கூப்பிடுவாள். கேட்டால் இல்லை என்பாள். அதனால் கேட்கவில்லை.

பத்து நாளில் உட்கார், இரு, வா மூன்றும் படிந்துவிட்டன. நல்ல நாய்.

நான்காவதை அவரிடம் சொல்லவில்லை. யானை இறங்கும் மாதங்களில், விடிந்ததும் கொல்லைக்குப் போகிறவர்கள் நாயை முன்னால் விடுவார்கள். குரைத்தால் திரும்பிவிடுவார்கள். குரைக்காவிட்டால் பனிமூட்டத்திலும் தைரியமாக உள்ளே போவார்கள். நான் காட்டோரத்திலிருந்து யானைச் சாணத்தைச் சாக்கில் அள்ளி வந்தேன். நாய் அதை மோந்து வாய் திறக்கும்போதெல்லாம் ‘உஷ்’ என்பேன். வாயை மூடியதும் ஒரு துண்டு கோழிக்கறி. மார்கழி பிறப்பதற்குள் ‘உஷ்’கூடத் தேவைப்படவில்லை. அந்த வாசம் வந்தாலே சத்தமில்லாமல் படுத்துக் கறிக்குக் காத்திருக்கும்.

திருப்பிக் கொடுத்தபோது அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார். “இனிமே எனக்குப் பயமில்லப்பா,” என்றார்.

ஆறாம் நாள் காலையில் நாய் வரப்பில் படுத்திருந்தது. அவர் முப்பது அடி தள்ளிக் கிடந்தார். தூக்குவதற்கு நானும் ஒரு கை கொடுத்தேன். யானை மிதித்த சாவு என்று எழுதிக்கொண்டார்கள். அதில் பொய் ஒன்றும் இல்லை.

ரேவதி மட்டும் கேட்டாள்.

“ஏங்க, யானை நின்னுச்சின்னா அந்த நாயி ஏன் கொரைக்கல?”

பனியில் மோப்பம் பிடித்திருக்காது என்றேன். அவள் அழுதாள். எவ்வளவு நேரம் அழுகிறாள் என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கூடப்பிறந்தவன் போனால் அழுகிற மாதிரிதான் அழுதாள். அது நடிப்பாகவும் இருக்கலாம்.

போன வாரம் லீவில் இருந்தேன். பத்து மணி வாக்கில் அந்த நாய் தெருக்கோடி வீட்டுப் பின்வாசலில் போய்ப் படுத்தது. ஓர் உருண்டை களி போட்டார்கள். தின்றுவிட்டு அடுத்த வீட்டுப் பின்வாசல். அப்புறம் அதற்கடுத்தது. தெருவில் எல்லா அடுப்படியும் அதற்குத் தெரிந்திருந்தது. பக்கத்து வீட்டுப் பார்வதி அக்காவிடம் கேட்டேன்.

“குட்டியில இருந்தே அப்பிடித்தான் தம்பி. நீ வேலைக்குப் போயிடற, உனக்கெங்க தெரியும்? எல்லாரூட்லயும் களி வாங்கித் தின்னும்,” என்றார்.

எதையும் மறைக்கக் கூடாது என்பதால் இதையும் சொல்கிறேன். கிருஷ்ணப்பன் செத்தது நான் பழக்கியதால்தான், எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் நாய் நாலு வாசலில் படுக்கிறது என்பதை வைத்து எதையும் முடிவு செய்துவிட முடியாது சார். ரேவதியையும் ஒருமுறை கூப்பிட்டு விசாரியுங்கள்.