திங்கட்கிழமை என்ற நாடா

நெடுங்கேணி தாண்டிய பேருந்தில் எனக்கு முன்னிருக்கையில் ஒரு தாயும், காணாமற்போனோர் பற்றிய வாக்குமூலங்களைப் பதியும் அலுவலகமொன்றின் கணினிப் பொறுப்பாளரும் அமர்ந்திருந்தனர். காணாமற்போன தம் மகனைப் பற்றிய பதிவு என்னாயிற்று என்று தாய் அவரிடம் விசாரித்தார்.

“கொம்பியூட்டரில அழிஞ்சது பிந்தித்தான் தெரிஞ்சுது, அம்மா. பிரதி எடுத்து வைக்கிற நாடா, அந்தப் பக்கப் ரேப்பிலயும் இல்லை.”

“ஏன் தம்பி?”

“ரேப்புகளுக்குக் கிழமையின்ர பேர்தான் வைக்கிறனாங்கள். திங்கட்கிழமை எண்ட ரேப்பில அடுத்த திங்கள் புதுசு ஏறும், பழசு போயிடும். அதுதான் முறை.”

“நல்ல முறை. என்ர ஆடுகளுக்கே ஒவ்வொண்டுக்கும் தனிப்பேர் இருக்கு.”

“திரும்ப ஒருக்கா வந்து சொல்லுங்கோவன்.”

“ஆறுதரம் சொல்லிட்டன்.” தாய் தம் மடியிலிருந்த ஆவணக் கோப்பை மூடினார். “அவனைக் கொண்டுபோனதும் ஒரு திங்கட்கிழமைதான், தம்பி. எத்தினை திங்கள் வந்தும் அது அழியேல்லை.”