படைப்புழுப் பாடம்

ஒரு ஸ்லைடில் ஆறு வரிக்கு மேல் எழுதினால் கடைசி பெஞ்சுப் பிள்ளைகளுக்குத் தெரியாது. எழுத்து பெரிதாக இருக்க வேண்டும். படம் ஒன்றே ஒன்று போதும். ரும்பி வட்டாரத்துப் பள்ளிகளுக்கெல்லாம் போய் இதைச் சொல்லிக்கொடுக்க என்னைவிடப் பொருத்தமான ஆள் இல்லை என்கிறீர்கள். உண்மைதான், அம்மா. ஆனால் கல்வி அலுவலகத்திலிருந்து இவ்வளவு தூரம் வந்திருக்கிறீர்கள். உத்தரவில் கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் தெம்வா மேடத்தின் பாடத்தைப் பற்றிக் கேட்டுவிடுங்கள்.

எங்கள் பள்ளிக்குப் புரொஜெக்டர் வந்ததே என்னால்தான். ஒரு தொண்டு நிறுவனத்துக்கு விடாமல் எழுதி வாங்கினேன். மினிபஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்தேன். பெண்கள் இடுப்பில் கட்டும் சிதெஞ்சேத் துணிகளை இரட்டையாக மடித்து ஜன்னல்களில் மாட்டி வகுப்பை இருட்டாக்கியதும் நான். மற்ற ஆசிரியர்களுக்கு மவுஸைப் பிடித்தாலே கை நடுங்கும். அவர்கள் பாடங்களுக்கெல்லாம் நானே ஸ்லைடு செய்துகொடுத்தேன்.

தெம்வா நியிரோங்கோ மேடம் விவசாயப் பாடம் எடுப்பவர். என்னைவிட மூத்தவர். லேப்டாப்பைத் திறக்கத் தெரியாது, ஆனால் அவர் வகுப்பில்தான் பிள்ளைகள் இடத்துக்கு முண்டியடிப்பார்கள். ஸ்லைடு என்னுடையது, கைதட்டல் அவருக்கு. புரொஜெக்டரைப் பெட்டி என்பார். ஆசிரியர் அறையில் எல்லோர் எதிரிலும் என்னைக் கூப்பிடுவார்.

"பெட்டிக்காரத் தம்பி, எங்கப்பா போயிட்ட? உன் பெட்டி இல்லாம என் வாய்க்கு வேலையே இல்ல."

"உங்க வாய்க்குப் பெட்டி வேணுமா மேடம்? அது பாட்டுக்கு ஓடுமே," என்பார் கணக்கு வாத்தியார்.

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். கொஞ்ச நாளில் பிள்ளைகளும் என் முதுகுக்குப் பின்னால் பெட்டிக்காரர் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். மேடம் அன்பாகத்தான் அப்படிக் கூப்பிட்டார் என்று எனக்குத் தெரியும். தெரிந்ததால் வலி ஒன்றும் குறையவில்லை.

அந்தச் சமயத்தில் உதவித் தலைமையாசிரியர் பதவி காலியானது. அது எனக்குத்தான் என்று நினைத்ததில் தப்பில்லை என்றே இன்றும் நினைக்கிறேன். ஆனால் அதிகாரிகள் ஒரு மாதிரிப் பாடம் பார்த்து முடிவுசெய்வதாகச் சொன்னார்கள், தலைமையாசிரியர் தெம்வா மேடத்தின் பெயரைக் கொடுத்துவிட்டார். பாடத்துக்கு முதல் நாள் சாயங்காலம் மேடம் தன் போனை என்னிடம் நீட்டினார்.

"பிள்ளைங்க வீட்டு மக்காச்சோளக் காட்டுல நானே போயி எடுத்தது தம்பி. படைப்புழு, அது தின்ன இலை, அதோட எச்சம், எல்லாம் இருக்கு. நீ பாத்து ஏத்திரு. உனக்குத் தெரியாததா?"

கம்பியை மாட்டியதும் போனிலிருந்த படங்களெல்லாம் தாமாகவே ஸ்லைடுகளாக வந்து விழுந்தன. புழு, இலை, குருத்து. கூடவே ஓர் உள்ளங்கை. அதில் ஒரு மாத்திரை, பின்னால் ஒரு வெள்ளை டப்பா. எங்கள் பக்கத்தில் அந்த டப்பாவைப் பார்த்து எதற்கு மருந்து என்று யாரும் கேட்கமாட்டார்கள். எச்.ஐ.வி.க்காரர்கள் சாகும்வரை சாப்பிட வேண்டியது. எத்தனையோ வீடுகளில் மாவு மூட்டைக்கு அடியில் ஒளிந்திருக்கும். கையில் மேடத்தின் செம்பு மோதிரம்.

பிறகுதான் முழுக்கதையும் தெரிந்தது. தினமும் காலையில் மாத்திரையைக் கையில் வைத்துப் படம் எடுத்து, தலைநகரம் லிலோங்வேயில் இருக்கும் தங்கை தாவோங்காவுக்கு அனுப்பிவிட்டுத்தான் விழுங்குவாராம். படம் வராவிட்டால் தங்கை போன் போட்டுத் திட்டுவாளாம். அனுப்பிய கையோடு அழித்துவிடுகிறவர், அன்று மறந்திருக்கிறார்.

நான் அதை அழிக்கவில்லை. அழிக்காமல் விட்டதை ஒரு குற்றம் என்று சொல்ல முடியுமா என்று அன்றிரவு யோசித்துப் பார்த்தேன். முடியாது என்றுதான் பட்டது. நன்றாகத் தூங்கினேன்.

மறுநாள் அதிகாரிகள் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். லேப்டாப் பக்கத்தில் நான். மேடம் "அடுத்தது தம்பி" என்பார், நான் அமுக்குவேன். புழுவின் தலையில் தலைகீழ் ஒய் எழுத்துப் போல இருக்கும் அடையாளத்தைக் காட்டிப் பிள்ளைகளைச் சிரிக்க வைத்துக்கொண்டிருந்தார். சிரித்த முகத்தோடு "அடுத்தது" என்றார். அமுக்கினேன்.

யாரும் சிரிக்கவில்லை. பிள்ளைகள் தலையைக் குனிந்துகொண்டார்கள். பெரியவர்கள்தான் நன்றாகப் பார்த்தார்கள்.

"மாத்து தம்பி," என்றார் மேடம். "தம்பி, மாத்துப்பா."

நான் குனிந்து கம்பியைச் சரிபார்த்தேன். கம்பியில் ஒரு கோளாறும் இல்லை. அதற்குள் முன்பெஞ்சில் இருந்த சேக்கானி என்ற பெண் எழுந்து, இரண்டு கையையும் விரித்துக்கொண்டு திரைக்கு முன்னால் போய் நின்றாள். அவளுடைய வெள்ளைச் சட்டையில் டப்பாவின் படம் விழுந்தது.

"உட்காரு, சேக்கானி," என்றேன். அந்த வெளிச்சத்தை நேராகப் பார்ப்பது கண்ணுக்கு ஆகாது.

அவள் உட்காரவில்லை. நான் மறுபடியும் சொன்னேன்.

பதவி எனக்கு வந்தது. மேடத்தின் கணவர் மேடத்தின் துணிப்பெட்டியை வாசலுக்கு வெளியே வைத்துவிட்டார். வேலையை விட்டுவிட்டு ஒரு வாடகை அறைக்குப் போனவரைப் பார்க்கப் போனேன். நிம்மதியாக இருக்க முடியவில்லை. போகாமல் இருந்தால் சந்தேகம் வரும் என்றும் தோன்றியது. இரண்டும் உண்மை. அவர் எனக்குத் தேநீர் போட்டார்.

"என் போன்ல கெடந்தது, என் தப்பு. நீ எதுக்குப்பா மூஞ்சியத் தொங்கப் போட்டுக்கிட்டு இருக்க?" என்றார். "இனிமே அந்தப் படத்தை எடுக்கவே மாட்டேன் தம்பி. கையில மாத்திரையப் பாத்தாலே அந்தத் திரைதான் தெரியுது."

படம் நின்றது. தினமும் சாப்பிடுவதாகத் தங்கையிடம் வாயால் சொல்லியிருக்கிறார். மாத்திரையும் நின்றுபோனது அவர் படுக்கையில் விழுந்த பிறகுதான் தெரிந்தது. எங்கள் பக்கத்து ஜூலைக் குளிரில் இறந்தார். அடக்கத்தன்று தாவோங்கா என் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள். "நீங்க ஒருத்தர்தான் வந்து பாத்தீங்கன்னு அக்கா சொல்லிக்கிட்டே இருந்தா," என்றாள். நான் கைகளை இழுத்துக்கொள்ளவில்லை. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்குவதில்லை.

கவனப்பிசகு என்று சொல்லப்போகிறீர்கள். எல்லோரிடமும் நானும் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன்: எல்லாப் படமும் மொத்தமாக வந்தது, ஒன்று கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஆனால் படங்கள் எடுத்த வரிசையில்தான் வரும், அம்மா. அந்தப் படம் மேடம் போனைக் கொடுத்த அன்று காலை எடுத்தது, அதனால் கடைசியில் இருந்தது. எங்கள் பள்ளியில் பாடம் முடிவதற்குள் பெரும்பாலும் கரண்ட் போய்விடும். கடைசி ஸ்லைடை யாரும் பார்க்காமலே போய்விடலாம் என்று, அதை எடுத்துப் புழுவுக்கு அடுத்ததாக வைத்தேன்.