ராஜா வேசத்துக்கு ஆள்

சீனிவாசலு: அப்ப நம்ம கோயில் நாடகத்துல மந்திரி வேசத்துக்கு யாரு?

வேலுமணி: ரேசன் கடை அழகிரிசாமிங்ணா.

சீனிவாசலு: அவனா? நாலு வரி வசனம் அவன் வாயில நிக்காதேப்பா.

வேலுமணி: மந்திரிக்கு எதுக்குங்ணா நாலு வரி? “நாளைக்குப் பாக்கலாம்”னா முடிஞ்சுது. அதை அவரு தெனமும் நூறு பேருத்துகிட்டச் சொல்லிட்டுத்தான இருக்காரு.

சீனிவாசலு: சரி, அழகிரிசாமி. ராணிக்கு கோயமுத்தூர்ல இருந்து நடிகை கூட்டியாரோணும்...

வேலுமணி: எதுக்குங்க? என்ற இஷ்டத்துக்கு ஆள் போடச் சொன்னீங்கல்ல?

சீனிவாசலு: சொன்னேன். பன்னண்டு வருசமா படுதாவுக்குப் பின்னால நின்னு அத்தனை பேருக்கும் வசனம் எடுத்துக் குடுக்கறவன் நீ. எவனுக்கு எந்த வேசம் ஒட்டும்னு உன்னைய விட யாருக்குத் தெரியும்? தயங்காம சொல்லு.

வேலுமணி: அப்ப ராணி, பங்காரம்மா.

சீனிவாசலு: என்ற தறிக் கொட்டாய்ல நூல் சுத்துதே, அந்தப் பங்காரம்மாவா?

வேலுமணி: அவங்கதானுங்க. புருசன் போன பொறவு மூணு புள்ளைகளை வெச்சுட்டு, யாரு முன்னாலயும் கொழைஞ்சு ஒரு வார்த்தை பேசுனதில்ல. டவுன் நடிகைக்குப் பட்டுச்சேலை கட்டி ராணியாக்கோணும். இவங்க அந்த நூல் பஞ்சோட வந்து நின்னாலே போதுமுங்க.

சீனிவாசலு: ம்... அது சரிதான். இதையே சினிமாவா எடுத்தா?

வேலுமணி: சினிமான்னா கேமரா மூஞ்சிகிட்ட வந்துருமுங்க. அழகிரிசாமி மெரண்டுபோயிருவாரு. பங்காரம்மா தாக்குப்புடிப்பாங்க. அவங்களுக்கு வசனத்தைப் பாதியா வெட்டிப்போடலாம். கண்ணே பேசிரும்.

சீனிவாசலு: நீ சும்மா பொழுதுபோக்குக்குச் சொல்லலைப்பா. முன்னாடியே யோசிச்சு வெச்சிருக்கறே.

வேலுமணி: போஸ்டாபீஸ்ல தபாலுக்கு முத்திரை குத்தறப்ப வேற என்னங்க வேலை? வாரவங்களைப் பாத்து, இவருக்கு இந்த வேசம், அவருக்கு அந்த வேசம்னு...

சீனிவாசலு: ஒற்றனுக்கு?

வேலுமணி: டீக்கடை ரசாக். வேற யாருங்க?

சீனிவாசலு: ஆமாமா. நான் உன்ற ஊட்டுக்கு வந்தது இந்நேரம் சோமனூர் பூராவும் தெரிஞ்சிருக்கும்.

வேலுமணி: மொதத் தடவை வந்திருக்கறீங்க. தெரியாம இருக்குமுங்களா? ...என்ற சம்சாரம் டீ போடட்டுமான்னு கேக்கறா. நீங்க இங்க... குடிப்பீங்களா?

சீனிவாசலு: குடிக்கறேன். சக்கரை கம்மியாப் போடச் சொல்லு.

வேலுமணி: வள்ளி, சக்கரை கம்மியா... அந்தப் புது டம்ளர்ல கொண்டா. ஏனுங்ணா, நாடகம் இந்த வருசமும் கோயில் கொட்டாய்லதானுங்களா? ...ஏனுங்ணா?

சீனிவாசலு: ஆங்? ஏதோ யோசனைல இருந்துட்டேன். என்ன கேட்டே?

வேலுமணி: ஒண்ணுமில்லீங்க.

சீனிவாசலு: ஒண்ணு மட்டும் சொல்லாம உட்டுட்டே. ராஜா?

வேலுமணி: அது நீங்கதானுங்களே.

சீனிவாசலு: அது ஊருக்கு. உன்ற மனசுல யாரு?

வேலுமணி: ...வேண்டாமுங்ணா.

சீனிவாசலு: சொல்லப்பா.

வேலுமணி: எண்பத்து மூணுல, வந்த மொத வருசமே, ஒருக்கா வாயைத் தொறந்து கேட்டேனுங்க. அது போதும்.

சீனிவாசலு: நாடகத்தை நடத்துன எங்கப்பா, நைனா, அன்னிக்குச் சொன்னது...

வேலுமணி: “இவனுக்குக் கிரீடம் வெச்சா ஊரே எந்திரிச்சு நிக்கோணுமா? படுதாவுக்குப் பின்னாலயே நிக்கட்டும்”னாருங்க. அவரு சத்தமாக் கூட சொல்லலை. அதுதான் மறக்க மாட்டேங்குது.

சீனிவாசலு: நான் பக்கத்துலதான் நின்னேன்.

வேலுமணி: நின்னீங்க.

சீனிவாசலு: ஒரு வார்த்தை பேசலை.

வேலுமணி: பேசலீங்க.

சீனிவாசலு: நைனா போயி அஞ்சு வருசம் ஆச்சு. அதுக்கப்பறமாவது பேசியிருக்கோணும். அதுக்குள்ள... கிரீடம் எனக்கு ருசிச்சுப்போச்சு வேலுமணி.

வேலுமணி: டீ வந்துருச்சுங்க. சூடா இருக்கறப்பவே குடிங்க.

சீனிவாசலு: இந்த வருசம் ராஜா நீதான். நோட்டீஸுக்கு உன்ற பேரைக் குடுத்துப்போட்டுத்தான் வாரேன்.

வேலுமணி: எரக்கப்பட்டுக் குடுக்கறீங்கன்னா எனக்கு வேண்டாமுங்க.

சீனிவாசலு: எரக்கமில்லப்பா. எனக்கு ஒடம்பு முந்தி மாதிரி இல்ல. மூட்டு வலி, பொறவு இந்த...

வேலுமணி: காதுன்னு சொல்லுங்ணா.

சீனிவாசலு: ...யாரு சொன்னா?

வேலுமணி: யாரும் சொல்லலீங்க. போன வருசம் ரெண்டாஞ் சீன்ல வசனம் மறந்து என்ற பக்கம் பாத்தீங்க. மூணு தடவை எடுத்துக் குடுத்தேன். முன்வரிசைல இருந்தவங்க திரும்பிப் பாத்தாங்க. உங்களுக்குக் கேக்கலை. பொறவு நாடகம் பூராவும் வாயை அசைச்சு, கையைக் காட்டித்தான் ஓட்டுனேன். இப்பவும் என்ற வாயைப் பாத்துத்தான பேசறீங்க.

சீனிவாசலு: இருவது வருசம் தறிச் சத்தத்துக்குள்ளயே கெடந்தாச்சு. வேற என்ன ஆகும்? ...யாருகிட்டயாச்சும் சொன்னியா?

வேலுமணி: வள்ளிகிட்டக் கூடச் சொல்லலை.

சீனிவாசலு: சொல்லியிருந்தா என்னைய அப்பவே எறக்கியிருப்பாங்க. உனக்கும் வழி கெடைச்சிருக்கும்.

வேலுமணி: அப்புடிக் கெடைக்கறது எதுக்குங்க? ...நான் ஒண்ணு கேக்கறேன், மறைக்காம சொல்லுங்க. காது நல்லா இருந்திருந்தா இந்தப் படி ஏறியிருப்பீங்களா?

சீனிவாசலு: ...மாட்டேன்னுதான் நெனைக்கறேன்.

வேலுமணி: உள்ளதைச் சொல்லிப்போட்டீங்க. அது போதும். ஆனா என்னால முடியாதுங்ணா. வசனம் பூராவும் தெரியும், அது வேற. போன வருசம் கடைசி சீன்ல, மகன் பொணத்துகிட்டக் கிரீடத்தைக் கழட்டி வெச்சுட்டு அழுதீங்களே... கொட்டாயே அழுதுச்சு. கமிட்டிக்காரங்க கூப்புட்டுக் கேடயம் குடுத்தாங்க. இந்த வருசமும் அதே நாடகம். சனம் அந்த அழுகையைத்தான் கேக்கும். அதுக்கு நான் எங்க போவேனுங்க?

சீனிவாசலு: அந்த சீன்ல எனக்கு வசனம் சுத்தமா மறந்துபோச்சு வேலுமணி. என்ன செய்யறதுன்னே தெரியலை. உன்ற பக்கம் திரும்பினேன். படுதாச் சந்துல நீ புஸ்தகத்தைக் கீழ போட்டுட்டே. ரெண்டு கையையும் தலைக்குக் கொண்டுபோயி, இல்லாத கிரீடத்தை மெதுவாக் கழட்டி, முட்டி போட்டு உக்காந்தே. கண்ணுல இருந்து தண்ணி ஓடிட்டு இருந்துச்சு. நான் பாக்கறேன்னு உனக்குத் தெரியவே இல்ல. நான் உன்னையப் பாத்துட்டே, நீ செஞ்சதை அப்புடியே செஞ்சேன்... சனம் பாத்தது உன்ற அழுகையைத்தான்பா.