எருமப்பட்டிக்கு முந்தின பாலம்

நெடுந்தூரம் சைக்கிள் விடுகிறவன் காலையில் வயிறு முட்டச் சாப்பிடக் கூடாது ஐயா. பந்தயத்தன்று நானும் குழந்தைசாமியும் ஆளுக்கொரு கிண்ணம் ராகிக்கூழோடு நிறுத்திக்கொண்டோம். அவன் கொல்லிமலை மேலிருக்கும் வாழவந்தி நாட்டிலிருந்து இறங்கி வந்தவன். சேந்தமங்கலத்தில் இருவரும் ஒரே வாடகை சைக்கிள் கடையில் வேலை பார்த்தோம். என்னை வாய் நிறைய அண்ணா என்பான்.

சீமையில் நடந்த புது ராஜாவின் முடிசூட்டு விழாவுக்காக, ஜவுளிக்கடை அப்துல் அலீம் பாய் அந்தப் பந்தயத்தை நடத்தினார். தம்மம்பட்டி, துறையூர், நாமக்கல் என்று கொல்லிமலையையே ஒரு சுற்றுச் சுற்றி சேந்தமங்கலத்துக்குத் திரும்ப வேண்டும். மற்றவர்கள் வழியிலேயே நின்றுவிட, துறையூர் தாண்டியபோது நாங்கள் இருவர்தான் மிஞ்சியிருந்தோம். அவன் எனக்கும் முன்னால்.

எருமப்பட்டிக்கு முந்தின இறக்கத்தில் அவனுடைய முன் டயர் வெடித்தது. பாலத்துச் சுவரில் மோதி, சைக்கிளோடு வறண்ட ஓடைக்குள் விழுந்தான். நான் நின்று எட்டிப் பார்த்தேன். கால் மடங்கிக் கிடந்தான்.

"மாதேசண்ணா, எந்திரிக்க முடியலீங்க."

"அசையாத இரு சாமி, ஆளக் கூட்டிட்டு வாரேன்" என்றேன். அப்போது நிஜமாகவே அப்படித்தான் நினைத்தேன்.

எருமப்பட்டியில் சாலையின் இரண்டு பக்கமும் சனங்கள் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்ததும் கை தட்டினார்கள். ஒரு பெண் நீர்மோர் சொம்பை நீட்டினாள். எனக்காக யாரும் அதற்குமுன் கை தட்டியதில்லை. சொல்லக் கூசுகிறது, அவன் விழுந்து கிடப்பதைச் சொல்லாமலே மோரைக் குடித்துவிட்டுக் கிளம்பினேன். நாமக்கல்லில் சொல்லிவிடலாம் என்று சமாதானம் செய்துகொண்டேன்.

நாமக்கல்லில் பாய் நின்றிருந்தார். "குழந்தைசாமி எங்கப்பா?" என்று கேட்டார்.

"துறையூர்லயே கால் புடிச்சுக்கிச்சுன்னு உக்காந்துட்டானுங்க."

யோசித்துச் சொன்னதல்ல. ஆனால் சொன்னபிறகு மாற்ற முடியவில்லை. சேந்தமங்கலத்தில் எனக்கு மாலை போட்டார்கள்.

பொழுது சாயும்வரை அவன் வராததால் அவன் மனைவி கண்ணாயி அழ ஆரம்பித்தாள். பாய் அவளை ஏற்றிக்கொண்டு தம் காரை எடுத்தார். வழிகாட்ட நானும் போனேன். அந்தப் பாலத்தை நெருங்கியபோது, பந்தயக் கதையை உரக்கச் சொல்லத் தொடங்கினேன். அப்படியும் கண்ணாயி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ஏனுங்கண்ணா, கீழ ஏதோ சத்தம் கேக்குதுங்களே?"

"அது நரிதான், கண்ணு" என்றேன். கார் நிற்காமல் போனது.

துறையூரில் அவனைப் பார்த்தவர் யாருமில்லை. இரவு நாங்கள் தங்கிய சத்திரத்து வாசலில் கண்ணாயி சுருண்டு கிடந்தாள். அவளைப் பார்க்க முடியாமல் தலையைக் குனிந்துகொண்டேன். விடிகிற நேரத்தில், வழியில் விசாரித்துக்கொண்டே போகிறேன் என்று பாயிடம் சொல்லி, வாடகைக்கு ஒரு சைக்கிள் எடுத்தேன். வேறு யாரையும் கூட வரவிடவில்லை.

நான் ஓடையில் இறங்கியபோது குழந்தைசாமி உயிரோடு இருந்தான். உதடு வெடித்திருந்தது. தலையைத் தூக்கிப் பிடித்துத் தண்ணீர் புகட்டினேன்.

"காரு போச்சுங்கண்ணா. எம்பொஞ்சாதி கொரலு கேட்டுச்சு. கத்திப் பாத்தேனுங்க" என்றான். பிறகு என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். அவனுக்கு விளங்கிவிட்டது. "நான் யாருகிட்டயும் சொல்லமாட்டேனுங்க. என்னைய ஊட்டுல மட்டும் சேத்துடுங்க."

அவன் பொய் பேசுகிறவன் அல்ல. ஆனாலும் என்னால் நம்ப முடியவில்லை. மேலே ஒரு மாட்டுவண்டி கடகடவென்று பாலத்தைத் தாண்டியது. அவன் குரலெடுக்கப் பார்த்தான். என் துண்டை அவன் வாயில் வைத்து அழுத்தினேன். வண்டிச் சத்தம் ஓய்ந்தபிறகும் எடுக்கவில்லை. அவன் கை என் மணிக்கட்டைப் பிடித்திருந்தது. அது தானாக நழுவும்வரை அங்கேயே உட்கார்ந்திருந்தேன்.

நான் செய்ததை மறைக்கவில்லை ஐயா. ஆனால் அவனைத் தனியாகச் சாகவிட்டேன் என்று மட்டும் வாக்குமூலத்தில் எழுதிவிடாதீர்கள். நான் பக்கத்தில்தான் இருந்தேன்.