மூணாந்தடவை மாத்துற பிளக்கு

ஏண்ணே, இதே லோரிக்கு இன்னும் எத்தன வாட்டிதான் பிளக்கு மாத்துவீங்க? புதுசு புதுசுங்கிறீங்க. போன வாரம் மாட்டுனதும் புதுசுதானே? ஒரு நட ஒழுங்காப் போகல, வாசல்ல வந்து படுத்துக்கிச்சு. ‘பூங்காவனம், மெதுவாப் பேசும்மா’ங்கிறீங்களா? மாட்டேன் தேவதாஸண்ணே. காஜா பெராங் தெரு முழுக்கக் கேக்கட்டும் உங்க பட்டறை லட்சணம்.

உக்காருங்க. பசியாறிட்டீங்களா? இந்தாங்க, காப்பியாவது குடிங்க. கோவம் வேற, காப்பி வேற.

எங்க வீட்டுக்காரரா? பண்டார் ஹிலிர்ல, மொதலாளி கடையில அரிசி மூட்டைய எடுத்து வெச்சுக்கிட்டு இருப்பாரு. நீங்க வண்டிய ஓட வெச்சுட்டாப் போதும், வீட்டுக்கு வந்து குளிச்சு சாப்ட்டுட்டு, மூட்டைய ஏத்திக்கிட்டுக் கெளம்பிடுவாராம். எங்கன்னு கேளுங்க. சிகாமட்டுக்கு அந்தாண்ட, ரப்பர் பால் வெட்டுற கித்தாத் தோட்டத்துக்கு. மொதலாளியோட இன்னொரு லோரிய சுப்பையன் ஓட்டிக்கிட்டு இருந்தானே, அதே ரோடு. மலாக்காக்குள்ள ஓட்டச் சொல்லுங்க, நான் ஏன் வாயத் தொறக்கப் போறேன்? நம்ம பக்கம் காட்டுக்காரனுங்க, அதான் அந்தக் கம்னிஸ்டுக்காரனுங்க தொல்ல ஓஞ்சு வருசமாச்சு. அங்க அப்பிடியா? அரிசி லோரின்னாலே மறிக்கிறானுங்க. சுப்பையன எறக்கி விட்டுட்டு லோரியக் கொளுத்தியிருந்தாத்தான் என்ன? உள்ள வெச்சே கொளுத்திட்டானுங்க, பாவிங்க. அவன் பொண்டாட்டி சீதா கையில சாவிக்கொத்த மட்டும் கொண்டாந்து குடுத்தாங்க. நான் பக்கத்துலதான் உக்காந்திருந்தேன். அத முந்தானையில தொடச்சுக்கிட்டே இருந்தா.

முடியாதுன்னு சொல்ல வேண்டியதுதானே இந்த மனுசன்? சொல்ல மாட்டாரு. பயந்தாங்கொள்ளின்னு பேரு வந்துடுமாம். மொதலாளி தோள்ல கையப் போட்டு, உன்ன விட்டா யாருப்பா எனக்குன்னு சொன்னாப் போதும், உச்சி குளுந்துடும் இவருக்கு. பொண்டாட்டி தொண்ட கிழியக் கத்துறா, அது காதுல ஏறாது.

அன்னிக்கு மெர்டேக்கா, சுதந்திரம் வர்ற தேதி சொன்னாங்கன்னு திடல்ல அவ்ளோ கூட்டம். புள்ளையத் தோள்ல தூக்கி வெச்சுக்கிட்டு நின்னாரு. அடுத்த வருசம் இது நம்ம நாடுடான்னு அந்தப் புள்ளைக்குச் சொல்றாரு. அடுத்த வருசம் வரைக்கும் உசுரோட இருக்கணும்னு ஒரு நெனப்பு வேணாமா?

என்னத்தக் காட்டுறீங்க? நுனி ரெண்டும் ஒட்டிக்கிட்டு இருக்கா? இருக்கும். நடுவுல பொறி பறக்க எடம் விட்டு மாட்டுனீங்களோ என்னமோ, யாரு கண்டா? இல்லன்னா இஞ்சின் தேஞ்சிருக்கும். மீட்டரு ஒரு சுத்து முழுசா ஓடிட்டு மறுபடியும் சைபர்லேர்ந்து ஓடுது. எண்ணெய வேற குடிக்குது. கரி புடிக்காம என்ன பண்ணும்? ஆமா, ஆறும்தான் ஒட்டியிருக்கு. ஒரே ஆளு மாட்டுனா ஒரே மாதிரிதான் இருக்கும்.

மஞ்சளா? எங்க? பிளக்கோட வெள்ளப் பீங்கான்ல கற புடிச்சிருக்கு, பெட்ரோல் கற. இதப் போயிப் பெருசாப் பேசுறீங்க. மோந்து பாக்காதீங்கண்ணே.

என்ன, திரும்பித் திரும்பி அந்த அம்மிக் கொழவியப் பாக்குறீங்க?

சரி, காப்பி ஆறுது. உங்க வேலையில ஒரு கொறையும் இல்ல, எனக்குத் தெரியும். ஆனா அவருகிட்டயும் மொதலாளிகிட்டயும் உங்களத்தான் திட்டுவேன், கோச்சுக்காதீங்க. கெழட்டு இஞ்சின், பிளக்கு தாங்க மாட்டேங்குதுன்னு நீங்களும் ஒரு வார்த்த சொல்லி வைங்க. புதுச மாட்டுங்க, வேணாங்கல. நல்லா இறுக்கியே மாட்டுங்க. அவரு கெணத்தடியில குளிச்சுட்டு வர்றதுக்குள்ள போன வாட்டி மாதிரியே ஆறையும் கழட்டி, நுனியத் தட்டி ஒட்ட வெச்சு மாட்டிடுவேன். இந்த வாட்டி மஞ்ச போகக் கொழவியக் கழுவிட்டுத் தட்டுறேன்.

அந்த பிளக் ஸ்பானர மட்டும் இங்கயே விட்டுட்டுப் போங்கண்ணே. அவரோடது தேஞ்சு போச்சு, வழுக்குது.