தீர்ப்பில் ஏறிய குறட்டை

கண்ணாடிக்கடைக்காரர்: அப்ப... தோத்தா வீட்டைக் காலி பண்ணணுமா?

வக்கீலம்மா: அதைத்தானே கேட்டிருக்கார் பக்கத்து போர்ஷன்ல இருக்கிற உங்க வீட்டு ஓனர்! உங்க குறட்டையில அவருக்குத் தூக்கமே போச்சாம்.

கண்ணாடிக்கடைக்காரர்: கீழேயே என் கடை, மேடம். வீடு போனா அதுவும் போச்சு!

வக்கீலம்மா: ஆதாரமா உங்க விவாகரத்துத் தீர்ப்பை வச்சிருக்கார். "கணவரின் குறட்டை மனைவிக்குப் பெருங்கொடுமை என்பது நிரூபணமாகிறது." இது எப்படி வந்தது?

கண்ணாடிக்கடைக்காரர்: எல்லாம் இந்த டீச்சரோட புண்ணியம். அப்ப இவங்க என் மனைவி.

டீச்சர்: நான் சொன்னா நீங்க மறுத்திருக்கலாமே? வாய்க்குப் பூட்டா போட்டிருந்தாங்க?

வக்கீலம்மா: ஐயோ, இங்கேயும் ஆரம்பிக்காதீங்க! சார், அந்தத் தீர்ப்பு செல்லாது.

கண்ணாடிக்கடைக்காரர்: செல்லாதா? அப்ப எங்க விவாகரத்து...?

வக்கீலம்மா: அது செல்லும் சார்! பிரிஞ்சது பிரிஞ்சதுதான்.

டீச்சர்: ...ம்.

வக்கீலம்மா: நீங்க குறட்டை விட்டீங்கன்னு அந்த ஜட்ஜ் முடிவு பண்ணது உங்க ரெண்டு பேர் வழக்குக்கு. ஓனர் அதுல கட்சியே இல்லை. அதைத் தூக்கிட்டு வந்து இங்க ஆதாரம்னு நீட்ட முடியாது. குறட்டையை முதல்லேருந்து நிரூபிக்கணும்.

கண்ணாடிக்கடைக்காரர்: அப்பாடா! வயித்துல பால் வார்த்தீங்க.

வக்கீலம்மா: இருங்க, இருங்க. தீர்ப்பு வராது, சாட்சி வரலாமே. ஓனர் டீச்சரைக் கூண்டுல ஏத்தப் போறார்.

டீச்சர்: என்னையா?

வக்கீலம்மா: பின்னே? கூடவே குடித்தனம் பண்ணவங்க நீங்கதானே. அதான் வரச் சொன்னேன். என்ன சொல்லுவீங்க?

டீச்சர்: அந்தச் சுவரே அட்டை மாதிரி, மேடம். தும்மினாக்கூட அந்தப் பக்கம் கேட்கும்...

வக்கீலம்மா: பிரிஞ்சப்புறம் இவர் குடிவந்த வீடாச்சே அது? அங்க போனதே இல்லைன்னு போன்ல சொன்னீங்களே?

டீச்சர்: ...கேள்விப்பட்டேன்.

கண்ணாடிக்கடைக்காரர்: நான்தான்... ஒரு தடவை ரோட்டுல பார்த்தப்ப...

வக்கீலம்மா: சரி, விடுங்க. உண்மையைச் சொல்லுங்க டீச்சர். இவர் குறட்டை விடுவாரா?

டீச்சர்: ...மாட்டார்.

வக்கீலம்மா: அடப்பாவமே! அப்ப அன்னைக்கு?

டீச்சர்: கண்ணு மண்ணு தெரியாத கோபம், மேடம். பிரியறதுக்கு வேற காரணமே கிடைக்கலை. மனுஷன் அவ்வளவு நல்லவர்.

கண்ணாடிக்கடைக்காரர்: கேட்டுக்கோங்க! இதை எழுதிக்கோங்க!

வக்கீலம்மா: நீங்க ஏன் சார் சும்மா இருந்தீங்க?

கண்ணாடிக்கடைக்காரர்: மறுத்தா... வேற ஒண்ணு வெளியே வரும். நாலு பேர் முன்னாடி அதைச் சொல்ல மனசு வரலை.

டீச்சர்: ...இதை என்கிட்ட சொல்லவே இல்லையே நீங்க.

வக்கீலம்மா: ஒண்ணுதான் எனக்கு இடிக்குது. ஓனர் மூணு மாசமா நாள்வாரியாக் குறிச்சு வச்சிருக்கார். சனியும் ஞாயிறும்தான் குறட்டை. மத்த நாள் சத்தமே இல்லை. இவர் விடலைன்னா, அந்த ரெண்டு நாள் விடறது யாரு?

கண்ணாடிக்கடைக்காரர்: அது வந்து மேடம்... குழாய்ல காத்து...

டீச்சர்: விடுங்க, நான் சொல்றேன். எனக்காக இவர் கடை போகக் கூடாது. கூண்டுலயும் இதையேதான் சொல்லப் போறேன். குறட்டை என்னோடதுதான், மேடம். சனி, ஞாயிறு ஸ்கூல் லீவு... நான் அங்கதான் இருப்பேன்.