வேண்டுதல் பெட்டியின் சாவி

எங்கள் பள்ளியில் புதன்கிழமை மூன்று மணிக்கு மேல் யாரையும் தேடிப் பிடிக்க முடியாது. அது மன்ற நேரம். பதினான்கு மன்றங்கள். ஒவ்வொரு பெண்ணும் குறைந்தது இரண்டில் இருந்தே ஆக வேண்டும் என்பது கன்னியாஸ்திரிகள் வைத்த சட்டம். தபால்தலை மன்றத்தில் மூன்று பேர் உண்டு, தபால்தலை ஒன்றுகூடக் கிடையாது. தோட்ட மன்றத்தார், தோட்டக்காரர் நட்டதைப் பிடுங்கி அதே இடத்தில் அதையே மறுபடி நடுவார்கள். சொற்போர் மன்றத்தில் பாதி நேரம் மின்விசிறியை யார் அணைப்பது என்பதிலேயே போய்விடும். இத்தனையையும் பதினொரு வருடமாக மேய்த்துக்கொண்டிருந்தவள் நான். நீங்கள் கேட்பதற்குச் சுற்றி வளைக்காமல் பதில் சொல்கிறேன் சார். ஆனால் முதலிலிருந்து சொன்னால்தான் உங்களுக்கு விளங்கும். நான் சொல்வதை எழுதிக்கொள்கிற அந்தப் போலீஸ்காரப் பெண்ணை மட்டும் கொஞ்சம் நிதானமாக எழுதச் சொல்லுங்கள், பாவம், அவசரத்தில் கொம்பும் காலும் விட்டுப்போகிறது.

நான் மொழிப்பாட ஆசிரியை. வாரத்துக்கு இருநூறு கட்டுரை நோட்டு திருத்துகிறவள். கையெழுத்தைப் பார்த்தே ஆளைச் சொல்லிவிடுவேன். இதில் பெருமைப்பட ஒன்றுமில்லை, செய்கிற வேலை அப்படி.

பதினான்கு மன்றங்களில் சின்னது செபக் குழு. அதற்கென்று சிற்றாலய வாசலில் ஒரு மரப்பெட்டி உண்டு. பிள்ளைகள் தங்கள் வேண்டுதலைச் சீட்டில் எழுதி, பெயர் போடாமல், அதில் போடுவார்கள். மாதத்தின் முதல் வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறந்து சீட்டுகளை இரும்புச் சட்டியில் கொட்டி, பின்முற்றத்தில் எல்லோர் முன்னிலையிலும் எரிப்போம். யாரும் படிக்கக் கூடாது. படிக்காமல் எரிப்பதுதான் அந்தப் பெட்டிக்கு மதிப்பு. சாவி என்னிடம் இருந்தது.

மூன்று வருடத்துக்கு முன் ஒரு வியாழக்கிழமை, பெட்டிக்கு மேலிருந்த சன்னலை யாரோ சாத்தாமல் போய்விட்டார்கள், பெருமழையில் பெட்டி நனைந்து ஊறிவிட்டது. ஈரக் காகிதம் எரியாது. சீட்டுகளைச் சிற்றாலயத்தை ஒட்டிய சாமான் அறைக்குக் கொண்டுபோய், மேசையில் பரப்பிக் காற்றாடியைப் போட்டேன். பரப்பினால் கண்ணில் படத்தானே செய்யும்? மொத்தம் பத்தொன்பது சீட்டு.

ஒன்றில் எட்டாம் வகுப்புப் பெண் ஒருத்தி எழுதியிருந்தாள். தொடையில் வெள்ளைத் திட்டு இருக்கிறதாம், கூடைப்பந்து மன்றத்தில் குட்டைக் காற்சட்டை போட வெட்கமாக இருக்கிறதாம், எப்படியாவது அதிலிருந்து விடுவிக்கச் சொல்லி மாதாவிடம் கெஞ்சியிருந்தாள். மன்றப் பட்டியல் என் கையில் இருக்கிறது. அவளை மேடை அலங்கார மன்றத்துக்கு மாற்றினேன். ஒரு கோடு அடித்து ஒரு பெயர் எழுதினேன், அவ்வளவுதான். மறுவாரம் அவள் தோழிகளிடம், "நான் கேட்டேன்டி, குடுத்துட்டாங்கடி" என்று சொல்லிக்கொண்டு போவதைக் கேட்டேன். எனக்கு அன்றைக்கு இருந்த சந்தோஷம் வேறு எதிலும் இருந்ததில்லை.

அடுத்த மாதம் மழை பெய்யவில்லை. ஆனாலும் படித்தேன். இதை நான் மறைக்கவில்லை.

வருடம் முடிவதற்குள் சீட்டு நூற்று நாற்பதாகிவிட்டது. தலைமை சிஸ்டருக்கு ஒரே பூரிப்பு. "பிள்ளைங்களுக்கு இப்பல்லாம் பக்தி ஜாஸ்தியாயிருக்கு டீச்சர், எல்லாம் உங்க முயற்சி" என்பார். நான் சீட்டுகளை இரண்டாகப் பிரிப்பேன். முடிகிறது ஒரு பக்கம், முடியாதது ஒரு பக்கம். குடிப்பதை அப்பா நிறுத்த வேண்டும் என்பதெல்லாம் முடியாத பக்கம். நான் என்ன தெய்வமா?

முடிகிற பக்கம் போகப் போகக் கொஞ்சம் பெரிதானது. ஒரு பெண், தன் உயிர்த்தோழி வேறு பள்ளிக்குப் போய்விடக் கூடாது என்று எழுதியிருந்தாள். அந்தத் தோழிக்கு நாடகத்தில் நல்ல திறமை, பெரிய பள்ளி ஒன்றில் இடம் கிடைப்பதாக இருந்தது. நன்னடத்தைக் குறிப்பு எழுதுகிற வேலை என்னுடையது. இரண்டு வரி எழுதினேன். கை சுத்தம் போதாது என்கிற பொருளில், நாசூக்காக. இடம் கிடைக்கவில்லை. இரண்டு பேரும் இன்றைக்கும் ஒரே பெஞ்சில்தான் உட்காருகிறார்கள். போய்ப் பாருங்கள், எவ்வளவு ஒற்றுமை.

இனி ஆண்டு விழா விஷயத்துக்கு வருகிறேன்.

பாடகர் குழுவில் நாற்பது பேர். தனிக்குரல் பாடுகிறவள் கடைசி வகுப்புப் பெண். ஆளின் உயரத்தைப் பார்த்து எல்லோரும் அவளை நெட்டை என்பார்கள், அவளும் திரும்பிப் பார்ப்பாள். நல்ல குரல், நல்ல பெண். அவளுக்கு அடுத்த குரல் எட்டாம் வகுப்புப் பொடிசு ஒருத்தியுடையது. அவளுக்குப் பட்டப்பெயர் சுண்டெலி. நெட்டைக்குக் காய்ச்சல் வந்தால் சுண்டெலி பாட வேண்டும் என்று ஏற்பாடு. நெட்டைக்குக் காய்ச்சல் வருவதே இல்லை. இரண்டு வருடமாகச் சுண்டெலி அந்தப் பாட்டை முழுக்க மனப்பாடம் செய்து, வாயை மூடிக்கொண்டு பின்வரிசையில் நின்றாள்.

அவள் எழுதிய சீட்டு எனக்கு வரிக்கு வரி நினைவிருக்கிறது. "மாதாவே, விழாவுக்கு எங்கம்மா வர்றாங்க. வெளியூர் வேலைக்குப் போனதிலேர்ந்து இப்பத்தான் லீவு கிடைச்சிருக்கு. ஒரே ஒரு தடவை அந்தப் பாட்டை நான் தனியா பாடணும். நெட்டை அக்காவுக்கு அன்னைக்கு மட்டும் ஏதாவது ஆகணும். பெருசா வேண்டாம்."

பாட்டு சொல்லித்தரும் சிஸ்டரிடம் சாடையாகக் கேட்டுப் பார்த்தேன். சின்னவளுக்கு ஒரு வாய்ப்பு கொடுத்தால் என்ன என்றேன். "நீங்க நோட்டைத் திருத்துங்க டீச்சர், சுருதியை நான் பாத்துக்கறேன்" என்றார். சரி என்று வந்துவிட்டேன்.

பாடகர் குழு நிற்பதற்கு நான்கு அடுக்குப் படிமேடை உண்டு. மடக்கி வைக்கிற இரும்புக் கால்கள். விரித்த பிறகு கால் மடங்காமலிருக்க ஒவ்வொன்றிலும் குறுக்கே ஓர் ஆணி செருக வேண்டும். பள்ளித் தச்சர் முந்தின நாளே எல்லாம் செருகி, ஆட்டிப் பார்த்துவிட்டுத்தான் போனார். அவர் பொய் சொல்லவில்லை, அவரை நீங்கள் வீட்டுக்கு அனுப்பிவிடலாம். தனிக்குரல் பாடுகிறவள் மேல் அடுக்கின் வலது ஓரத்தில் நிற்பது வழக்கம். தன் முறை வரும்போது பக்கப் படி வழியாக இறங்கி முன்னால் வர வசதி.

வியாழக்கிழமை காலை, அலங்கார மன்றத்துப் பிள்ளைகள் காகிதப் பூ ஒட்டிக்கொண்டிருக்கும்போது, வலது ஓரத்துப் பின்காலின் ஆணியை உருவிக் கைப்பையில் போட்டுக்கொண்டேன். "டீச்சர், இந்தப் பூ இங்க இருக்கட்டுமா?" என்று ஒருத்தி கேட்டாள். கொஞ்சம் தள்ளி ஒட்டச் சொன்னேன்.

நான் யோசிக்காமல் செய்யவில்லை. இரண்டு வருடத்துக்கு முன் அதே அடுக்கிலிருந்து ஒரு பெண் கால் தவறி விழுந்தாள், கணுக்கால் பிசகியது, மூன்று வாரம் கட்டுப் போட்டிருந்தாள். கட்டின் மேல் வகுப்பே கையெழுத்துப் போட்டது. அந்த அளவுக்குத்தான் என் கணக்கு. முதல் பாட்டுக்கு ஏறும்போதே சரியும், நெட்டையை ஓரமாக உட்கார வைப்பார்கள், தனிக்குரல் வருகிற மூன்றாவது பாட்டு சுண்டெலிக்கு வரும் என்று நினைத்தேன்.

மேடை முதல் பாட்டில் சரியவில்லை. இரண்டாவது பாட்டின் நடுவில், கைதட்டிக்கொண்டே அசைகிற இடத்தில் சரிந்தது. ஐந்து பேர் விழுந்தார்கள். ஒருத்திக்கு மணிக்கட்டு, ஒருத்திக்கு முன்பல். நெட்டை மல்லாக்க விழுந்தாள், அடுக்கின் விளிம்பில் அவள் முதுகெலும்பு மோதியது. இனி அவளுக்கு நடை இல்லை என்று மருத்துவர் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். எனக்கு வருத்தம்தான். யாருக்குத்தான் வருத்தமாக இருக்காது?

விழா அத்தோடு நின்றுவிட்டது. சுண்டெலி பாடவில்லை. அவள் கேட்டது கடைசியில் கிடைக்கவே இல்லை. அது என் பிசகு, ஒப்புக்கொள்கிறேன். மறுநாள் முதல் வெள்ளி. நடந்த களேபரத்தில் யாரும் வரவில்லை, நான் மட்டும் போய்ச் சீட்டுகளை எரித்துவிட்டு வந்தேன். முறை என்று ஒன்று இருக்கிறது அல்லவா?

சுண்டெலியைப் பற்றிக் கேட்கிறீர்கள். தெரியும். விழா முடிந்த நான்காம் நாள் தலைமை சிஸ்டரின் அறைக்குப் போய், "நான்தான் சிஸ்டர் பண்ணினேன், என்னைப் போலீஸ்ல குடுத்துடுங்க" என்று சொல்லியிருக்கிறாள். பெட்டியில் எழுதிப் போட்டதைச் சொல்லியிருக்கிறாள். கடவுள் அப்படியெல்லாம் செய்ய மாட்டார் என்று சிஸ்டர் சமாதானம் சொன்னதற்கு, "அப்ப மத்தவங்க கேட்டதெல்லாம் எப்படி நடந்துச்சு?" என்று கேட்டாளாம்.  அன்றிலிருந்து அவள் ஒரு வாய் சாப்பிடவில்லை. பதினேழு நாள். இப்போது மூக்கில் குழாய் வைத்திருக்கிறார்களாம், அதையும் இரண்டு முறை பிடுங்கிவிட்டாளாம். வேலையை விட்டுவிட்டு அம்மா பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கிறாளாம். இன்னும் இரண்டு மூன்று நாள் இப்படியே போனால் தாங்காது என்று மருத்துவர் உங்களிடம் சொன்னதையும் கேட்டேன்.

நான் மருத்துவமனைக்கு வந்து, இதையெல்லாம் அவளிடம் என் வாயாலேயே சொல்ல வேண்டும் என்கிறீர்கள். அது ஒன்றுதான் அவளைப் பிழைக்க வைக்கும் என்கிறீர்கள். உங்களுக்கு அது சுலபமாகத் தெரிகிறது. அவளிடம் சொன்னால் அவளோடு நிற்குமா? நாளைக்கே ஐந்நூறு பிள்ளைகளுக்கும் தெரிந்துவிடும். நாம் எழுதியதை எல்லாம் ஒரு டீச்சர் உட்கார்ந்து படித்தாள் என்று ஆகிவிடும். வெள்ளைத் திட்டு பற்றி எழுதிய பிள்ளை இனி யாரிடம் போய்க் கேட்பாள்? நம்பிக்கை என்பது ஒரு தடவை போனால் போனதுதான். அதையும் நான் பார்க்க வேண்டும் இல்லையா? சின்னப் பெண்கள் எதையும் தாங்கிக்கொள்வார்கள். பசித்தால் தானாகச் சாப்பிடுவாள்.

இரண்டாவது சீட்டா?

அவள் உங்களிடம் சொல்லியிருக்கிறாள், இல்லையா. நேற்று எழுதிக் காட்டினாளா. பேச்சு இல்லை என்றார்களே.

சரி. ஆமாம், இரண்டாவது சீட்டு ஒன்று இருந்தது. செவ்வாய்க்கிழமை போட்டிருக்கிறாள். புதன்கிழமை மன்ற நேரத்தில் நான் அதைப் படித்தேன். "மாதாவே, நான் கேட்டதைத் திரும்ப எடுத்துக்கறேன். அக்காவுக்கு ஒண்ணும் ஆக வேண்டாம். அக்கா எனக்கு அந்த உச்சஸ்தாயி இடத்தை இன்னைக்கு சொல்லிக் குடுத்தாங்க. நான் பின்னாடியே நின்னுக்கறேன். அம்மாகிட்ட சொல்லிக்கறேன்." கையெழுத்து கொஞ்சம் கோணல், அவசரத்தில் எழுதியது. முதல் சீட்டைக் கேட்ட மாதா, இரண்டாவதை ஏன் கேட்கவில்லை என்றுதான் அவள் சாப்பிடாமல் கிடக்கிறாள் என்கிறீர்கள். இருக்கலாம்.

ஏன் செய்தேன் என்று நீங்கள் இப்படித் திரும்பத் திரும்பக் கேட்பதில் அர்த்தமில்லை. பிள்ளைகள் இன்றைக்கு ஒன்று கேட்பார்கள், நாளைக்கு வேண்டாம் என்பார்கள். பெரியவர்கள்தான் நிதானமாக முடிவெடுக்க வேண்டும். முதல் சீட்டை நான் முடியாத பக்கத்தில் வைத்திருந்தேன் என்பது உண்மைதான். திங்கட்கிழமை வரைக்கும் அங்கேதான் இருந்தது.

திங்கட்கிழமை மதியம் நெட்டை பாட்டுப் புத்தகம் எடுக்கச் சாமான் அறைக்கு வந்தாள். கதவைத் தட்டவில்லை. மேசை முழுக்கச் சீட்டு பரப்பியிருந்தது, என் கையில் ஒன்று இருந்தது. மேசையையும் என் கையையும் பார்த்தாள். பிறகு ரொம்ப மரியாதையாகத்தான் சொன்னாள், அதை நான் குறை சொல்ல மாட்டேன். "வெள்ளிக்கிழமை பெட்டியைத் திறக்கறதுக்குள்ள நீங்களே சிஸ்டர்கிட்ட சொல்லிடுங்க டீச்சர். இல்லேன்னா நான் சொல்ல வேண்டி வரும்." கதவைச் சத்தம் வராமல் சாத்திவிட்டுப் போனாள். விழா வியாழக்கிழமை.

இதையும் அதையும் நீங்கள் ஏன் முடிச்சுப் போடுகிறீர்கள் என்று எனக்குப் புரியவில்லை. நான் அந்தக் குழந்தைக்காகத்தான் செய்தேன். இத்தனை வருடத்தில் எனக்கென்று நான் எதையும் செய்துகொண்டதில்லை சார், அதை அப்படியே எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.